ஆற்றுக்குப் போகும் புத்தகம்
படகுக் கைநூல் ஒன்று எழுதப்பட்டு, அச்சாகி, தைக்கப்பட்டு, லயத்து வாசலுக்கு வரும் வரை



படகு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு உல்லாசப் பயணம் நினைவுக்கு வருவதில்லை. 1990களின் முற்பாதியில் கிளாலிக் கடனீரேரியை இரவோடிரவாகக் கடந்த வள்ளங்கள் நினைவுக்கு வரும். மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு போன பயணம் நினைவுக்கு வரும். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறி, அங்கேயும் யுத்தத்தில் அகப்பட்ட குடும்பங்கள் உண்டு. அந்தக் குடும்பங்களின் பெண்களுக்கு ஆறும் நினைவில் இருக்கிறது, கடலும் நினைவில் இருக்கிறது. இவ்வாறு படகேறிய பெண்கள் பலருடன் எனது பணியின்போது பேசியிருக்கிறேன். எங்கே உட்கார வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தண்ணீரில் விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஏறுமுன் யாராவது சொல்லித்தந்ததாக அவர்களில் ஒருவரும் கூறியதில்லை.

சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்வதற்காகவே கைநூல்கள் உண்டாயின. அவ்வாறான ஒரு படகுக் கைநூல் எப்படி உருவாகிறது என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். எழுதுவது, அச்சிடுவது, கட்டுவது, கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நான்கு கட்டங்கள் இதில் உண்டு. உயிரைக் காக்கும் ஒரு வாக்கியம் இந்த நான்கையும் கடந்து வரவேண்டும். எங்காவது ஒரு கட்டத்தில் அது தவறிப்போனால், மிஞ்சுவது வெறும் காகிதம்தான்.

தோட்டத்துக்கும் படகுக்கும் என்ன தொடர்பு?

மலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் படகு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சப்ரகமுவ மாகாணத்தின் வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் சேர்ந்து உருவாகும் களனி கங்கை, கேகாலை மாவட்டத்தில் கித்துல்கல, எட்டியாந்தோட்டை வழியாக இறங்குகிறது. களு கங்கை இரத்தினபுரி நகரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வளவை கங்கை பலாங்கொடைப் பக்கத்து மலைகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு தெற்கே போகிறது. தேயிலையும் இறப்பரும் இந்த ஆறுகளின் இரு கரைச் சரிவுகளிலும்தான் வளர்கின்றன.

கித்துல்கலையை உலகம் அறிந்தது ஒரு திரைப்படத்தால். 1957இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலம் அங்கேதான் கட்டப்பட்டது. இன்று அந்த இடம் காற்றடைத்த படகில் வெள்ளச் சுழிகளைத் தாண்டும் விளையாட்டுக்குப் பேர்போனது. உலகெங்கும் இத்தகைய ஆற்றோட்டங்களை அவற்றின் கடுமையை வைத்து 6 தரங்களாகப் பிரிக்கிறார்கள். கித்துல்கலையில் வழமையாகப் படகு விடும் பகுதி 2 ஆம், 3 ஆம் தரங்களைச் சேர்ந்தது. புதியவர்களும் ஏறலாம். ஆனால் அறிவுறுத்தலைக் கேட்காமல் ஏறக்கூடாது.

மற்றப் படகு நாம் விரும்பி ஏறுவதல்ல. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் பெரும் அழிவைக் கண்டது. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளியையும் நாம் மறக்கவில்லை. இத்தகைய வெள்ளங்களின்போது மீட்க வரும் படகில் ஏறுகிறவர்களுள் கர்ப்பிணியும் கைக்குழந்தைக்காரியும் வயதான அம்மாயியும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கைநூல் தேவை.

மூன்று சொற்களில் ஓர் ஆபத்து

படகுக்காரருக்கு வழிகாட்டும் நூல்களின் வரலாறு விபத்துகளிலிருந்து பிறந்தது எனலாம். 1786 மே மாதம் ‘அட்லஸ்’ என்ற கப்பல் இந்து சமுத்திரத்தில் தியேகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. பிழையான வரைபடத்தை நம்பிப் போனதே காரணம். அக்கப்பலில் இருந்த ஜேம்ஸ் ஹோர்ஸ்பர்க் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் அதன்பிறகு போகும் வழியெல்லாம் ஆழம், நீரோட்டம், பாறை, காற்று எல்லாவற்றையும் குறித்துவைக்கத் தொடங்கினார். 1809இலும் 1811இலும் இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்ட கிழக்குக் கடல்களுக்கான வழிகாட்டி நூல் பல பத்தாண்டுகள் மாலுமிகளின் கையில் இருந்தது. 1795இல் தொடங்கப்பட்ட பிரித்தானியக் கடல் அளவைத் திணைக்களம் இன்றும் ‘பைலட்’ என்ற பெயரில் உலகக் கடல்கள் அனைத்துக்கும் இவ்வாறான நூல்களை வெளியிடுகிறது. நமது இலங்கைக் கரைகளைப் பற்றிய விபரம் ‘வெஸ்ட் கோஸ்ட் ஒவ் இந்தியா பைலட்’ என்ற தொகுதியில் இருக்கிறது.

அமெரிக்காவில் நதானியேல் பவுடிச் என்பவர், அக்காலத்தில் எல்லோரும் நம்பியிருந்த ஒரு கடற்பயண நூலைச் சோதித்து அதில் ஆயிரக்கணக்கான பிழைகளைக் கண்டார். 1802இல் தமது சொந்த நூலை வெளியிட்டார். தன் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்குக் கற்பிக்க முடியாத எதையும் நூலில் சேர்ப்பதில்லை என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. அவர் போன கப்பலில் சமையற்காரர் கூட நிலவை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிடக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். கைநூல் எழுதுகிற எவரும் இந்தச் சமையற்காரரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். ஓடும் ஆற்றில் படகிலிருந்து விழுந்தவருக்கு உலகெங்கும் சொல்லப்படும் முதல் பாடம், எழுந்து நிற்க முயலாதே என்பதாகும். இது நமது இயல்புக்கு எதிரானது. தரை தட்டுகிறதா என்று கால் தானாகவே கீழே போகும். அப்படி வைத்த கால் இரண்டு கற்களுக்கிடையில் சிக்கிக்கொண்டால், முழங்கால் அளவு தண்ணீர் கூட ஆளை முன்னே தள்ளி அமிழ்த்திவிடும். ஆகவே மல்லாந்து கிடக்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் காலை நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். பாறை வந்தால் தலை மோதாமல் கால் தாங்கிக்கொள்ளும்.

இதை ஆங்கிலத்தில் மிகச் சுருக்கமாக எழுதியிருப்பார்கள். ஓட்டத்தின் கீழ்த்திசைக்குக் கால் என்பதே பொருள். மொழிபெயர்ப்பவர் ஆற்றைக் காணாதவராக இருந்தால், அகராதியைப் பார்த்து ‘கால்களைக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளவும்’ என்று எழுதிவிடலாம். இலக்கணத்தில் பிழை இல்லை, எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் அதைப் படித்த பெண் காலை ஆற்றின் அடியை நோக்கி விடுவாள். எதைச் செய்யாதே என்று நூல் சொல்ல வந்ததோ, அதையே செய் என்று மூன்று சொற்கள் சொல்லிவிட்டன!

‘இடது கரைக்கு நீந்தவும்’ என்பதும் இப்படித்தான். ஆற்றின் இடமும் வலமும் நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பவருக்கே கணக்கு. எதிர்முகமாக மிதப்பவளுக்கு அது மாறிவிடும். ‘மரங்கள் உள்ள கரை’, ‘றோட்டுப் பக்கத்துக் கரை’ என்று எழுதினால் குழப்பம் இல்லை.

1987இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும், சட்டத்தில் மொழி இருப்பது வேறு, உயிர்காப்பு அறிவுறுத்தலில் பிழையில்லாத தமிழ் இருப்பது வேறு. இதைச் சோதிக்க அதிகச் செலவு வேண்டியதில்லை. எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன், எழுத வாசிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு பாயில் படுத்து, எப்படி மிதப்பீர்கள் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் சரியாகச் செய்தால் வாக்கியம் சரி. இல்லாவிட்டால் திருத்த வேண்டியது வாக்கியத்தை, அந்தப் பெண்ணை அல்ல.

பக்கங்களின் கணக்கு

எழுத்து முடிந்ததும் பக்கம் அமைப்பு. உதாரணத்துக்கு, பாடசாலை அப்பியாசக் கொப்பியின் அளவில், ஏ5 தாளில், 32 பக்கக் கைநூல் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஏன் 30 அல்லது 35 பக்கம் இல்லை? ஒரு தாளை ஒருமுறை மடித்தால் 4 பக்கம். இருமுறை மடித்தால் 8. மும்முறை மடித்தால் 16. இந்த 16 பக்க மடிப்பைத்தான் அச்சகத்தார் ‘பாரம்’ என்பார்கள். ஆகவே 32 பக்கம் என்பது 2 பாரம். நடுவில் ஒரு பக்கம் கூடினாலும் தாள் வீணாகும், காசும் வீணாகும்.

வீட்டில் ஒரு பத்திரிகைத் தாளை மும்முறை மடித்து, ஓரங்களைப் பிளந்து 1 முதல் 16 வரை எண் போட்டுப் பாருங்கள். பிறகு விரித்தால் எண்கள் தலைகீழாகவும் இடம் மாறியும் கிடக்கும். பயப்பட வேண்டாம், அதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதுகு மடிப்பில் அருகருகே வரும் எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும்: 1உம் 16உம், 2உம் 15உம் என்று. தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கட்டும் 32 பக்க நூலில் இக்கூட்டுத்தொகை 33. அச்சகத்திலிருந்து வரும் மாதிரியைச் சரிபார்க்க இந்த ஒரு கூட்டல் கணக்கே போதும்.

மாதிரித் தாளைப் பார்க்கும்போது மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அதை யுனிகோட்டுக்கு மாற்றும்போது கொம்பும் அரவும் இடம் மாறி, சொல் உருமாறிப் போவதுண்டு. கணினித் திரையில் பார்த்தது போதும் என்று இருந்துவிடாமல், அச்சடித்த தாளில் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். தொலைபேசி இலக்கங்களை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் ஓர் எண் பிசகினாலும் நூல் பயனற்றது.

அடுத்து, காகிதம். ஒரு ஏ4 தாளை மடித்தால் 4 ஏ5 பக்கங்கள். 32 பக்கத்துக்கு 8 தாள். 500 பிரதிகளுக்கு 4,000 தாள், அதாவது 500 தாள் கொண்ட 8 ரீம். அட்டைக்கு வேறாக 500 தடித்த தாள்கள். வீணாவதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்குத் தெரிந்த பெண்ணை எந்த அச்சகமும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஒரு காலத்தில் நமது காகிதம் நம் நாட்டிலேயே உற்பத்தியானது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் ஓர் ஆலையும், இரத்தினபுரி மாவட்டத்தின் எம்பிலிப்பிட்டியவில் ஓர் ஆலையும் இருந்தன. வாழைச்சேனை ஆலை வைக்கோலைக் கொண்டு காகிதம் செய்தது. யுத்தமும் நிருவாகச் சிக்கல்களும் அவற்றை முடக்கின. வெளிநாட்டுக் காகிதத்தை நம்பியிருப்பதன் விளைவை 2022 மார்ச்சில் கண்டோம். காகிதம் இன்றி மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. சில நாளிதழ்கள் தமது சனிக்கிழமை இதழை அச்சிடாமல் நிறுத்தின.

எண்ணெயும் தண்ணீரும்

இன்று பெரும்பாலான அச்சகங்கள் பயன்படுத்துவது ஒப்செட் முறை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று நமது சமையலறையில் நாம் அறிந்த உண்மையே அதன் அடிப்படை. ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டில் எழுத்தும் படமும் பதிக்கப்படும். தகட்டில் தண்ணீர் தடவினால் வெற்றிடங்கள் நனையும். எழுத்துள்ள இடங்கள் நனையாது. பிறகு எண்ணெய் கலந்த மை உருளும்போது அது எழுத்தில் மட்டும் ஒட்டும். தகட்டிலிருந்து மை ஓர் இறப்பர் போர்வைக்கு மாறி, அங்கிருந்து தாளில் பதிகிறது.

தகடு செய்யும் செலவு 100 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். ஆகவே பிரதி கூடக்கூட ஒரு நூலின் அடக்கவிலை குறையும். ஐம்பது, நூறு பிரதிகள் மட்டும் வேண்டுமானால் தகடு இல்லாத டிஜிட்டல் அச்சே இலாபம். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித் தகடு வேண்டும். உள்பக்கங்களைக் கறுப்பு மையில் மட்டும் அடித்தால் செலவு வெகுவாகக் குறையும்.

நூலுக்கு ஐ.எஸ்.பி.என். இலக்கம் வேண்டுமானால் கொழும்பிலுள்ள தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையில் விண்ணப்பிக்கலாம். இலங்கை நூல்களின் இலக்கம் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் நூலின் பிரதிகள் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகவேண்டும். தோட்டத்துப் பெண்கள் கூடி எழுதிய சிறுநூலும் அங்கே மற்ற நூல்களோடு ஒரே தட்டில் இருக்கும்.

கட்டுவது யார் கை?

நூலின் ஆயுளைத் தீர்மானிப்பது கட்டு. ஆற்றுக்குப் போகும் நூலுக்கு இது மேலும் முக்கியம். வழக்கிலுள்ள முறைகள் சில:

முதலாவது, கம்பி ஊசி குத்துவது. நடு மடிப்பில் இரண்டு ஊசி அடித்தால் முடிந்தது. மலிவானது, விரிந்து கிடக்கும். ஆனால் சாதாரண இரும்புக் கம்பி ஈரத்தில் துருப்பிடித்து நடுத் தாளைத் தின்றுவிடும். மழை ஓயாத எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்தில் அது சீக்கிரம் நடக்கும்.

இரண்டாவது, முதுகைச் சீவிச் சூடான பசையில் ஒட்டுவது. கடைகளில் காணும் நாவல்கள் பல இவ்வகை. பார்வைக்கு அழகு, ஆனால் முழுமையாக விரித்துப் பிடித்தால் முதுகு வெடித்துத் தாள் தாளாகக் கழன்றுவிடும். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் நூலும் வைத்திருப்பவளுக்கு இது ஆகாது.

மூன்றாவது, நூல் கொண்டு தைப்பது. நேரம் எடுக்கும், ஆனால் நீண்டகாலம் உழைக்கும். துருவும் இல்லை.

நான்காவது, வளையக் கம்பி கோப்பது. தாளைப் பின்புறமாக மடித்துப் பிடிக்கலாம் என்பதால் படகுக்காரர் விரும்புவர். செலவு சற்று அதிகம்.

மெழுகிய நூலால் தைக்கும் முறையை எந்தப் பெண்ணும் ஒரு பிற்பகலில் பழகிக்கொள்ளலாம். மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, அட்டையை வெளியே வையுங்கள். நடு மடிப்பில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளைகளைக் குத்தூசியால் இடுங்கள். ஊசியை உள்ளிருந்து நடுத் துளை வழியாக வெளியே எடுங்கள். வெளியிலிருந்து மேல் துளை வழியாக உள்ளே விடுங்கள். உட்புறமாக நேரே கீழ்த் துளைக்குப் போய் வெளியே எடுங்கள். மீண்டும் நடுத் துளை வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். உட்புறம் ஓடும் நீண்ட நூலின் இருபக்கமும் இரு முனைகளையும் வைத்து இறுக்கி முடிச்சிடுங்கள். அவ்வளவுதான். நூலில் தேன்மெழுகு தேய்த்துக்கொண்டால் சிக்காது, ஈரமும் சேராது.

தைத்தபின் மூன்று ஓரங்களையும் வெட்ட வேண்டும். உள்ளே செருகிய தாள்கள் வெளியே சற்று நீட்டிக்கொண்டிருப்பதால் வெட்டாமல் விட்டால் ஓரம் சமமாக வராது. காகிதத்துக்கும் மரத்தைப் போல நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசையில் தாள் இலகுவாக வளையும், நேராகக் கிழியும். நார் நூலின் முதுகோடு இணையாக ஓடும்படி தாளை வெட்டியிருந்தால், ஈரம் பட்டாலும் நூல் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. அட்டைக்கு பிளாஸ்ரிக் படலம் ஒட்டுவது நல்லது. எனினும், வெட்டிய ஓரங்கள் வழியாகத் தண்ணீர் போகும் என்பதை மறக்கலாகாது. நீரை உறிஞ்சாத செயற்கைத் தாள்களும் உண்டு, விலைதான் அதிகம். நமக்கு ஏற்ற வழி ஒன்று உண்டு: மிக முக்கியமான அறிவுறுத்தல்களை மட்டும் ஒரு தனி அட்டையில் அடித்து, இருபுறமும் ஓரம் விட்டு லெமினேற் செய்து, துளையிட்டு, கயிற்றில் படகோடு கட்டிவிடலாம். நூல் வீட்டில் இருக்கட்டும், அட்டை படகில் இருக்கட்டும்.

மடிப்பதும் அடுக்குவதும் தைப்பதும் நெடுங்காலமாகவே பெண்களின் வேலையாக இருந்துவந்திருக்கிறது. அதற்கான கூலி மட்டும் பெண்களுக்கு நியாயமாகக் கிடைத்ததில்லை. 1849இல் இலண்டனில் வேதாகமங்களை மடித்துத் தைத்த பெண்கள், தமது குறைந்த கூலியை எதிர்த்து வேலையை நிறுத்திப் பொதுமக்களிடம் முறையிட்டார்கள். ஏழைகளுக்கு மலிவாகக் கொடுக்கப்பட்ட அந்தப் புனித நூலின் மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் அப்பெண்களே. இன்று சுயதொழிலாகப் புத்தகக் கட்டு வேலை எடுக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று கூலி பேசுமுன், மணிக்கூட்டைப் பார்த்து ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பிரதி தைக்க முடிகிறது என்று எண்ணுங்கள். அதைப் பெருக்கிப் பார்த்து, ஒருநாள் உழைப்புக்குக் கட்டுமா என்று தீர்மானித்த பின்னரே சம்மதியுங்கள்.

லயத்து வாசல் வரை

நூல் தயாராகிவிட்டது. 80 கிராம் தாளில் 32 பக்கமும் 250 கிராம் அட்டையும் சேர்ந்தால் ஒரு பிரதி ஏறத்தாழ 56 கிராம். 500 பிரதி 28 கிலோ. அச்சகத்திலிருந்து அவிசாவளை வரை பஸ்ஸில் வந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள சில மைல்கள்தான் மிக நீண்டவை.

பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. பெயர், தோட்டம், டிவிசன், தபால் நகரம் என்பதோடு விலாசம் முடிந்துவிடும். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கோ சந்திக் கடைக்கோ வரும். அங்கிருந்து யாராவது கொண்டுபோனால் உண்டு. பயிற்சி ஒன்றுக்கு நான் அனுப்பிய அழைப்புக் கடிதம் ஒரு தோட்டத்தில் பயிற்சி முடிந்து இரண்டு வாரத்தின் பின்னரே உரியவருக்குக் கிடைத்தது. நேர்முகப் பரீட்சைக் கடிதமும் வங்கிக் கடிதமும் நீதிமன்ற அறிவித்தலும் இப்படித்தான் பிந்துகின்றன. யுத்தத்தில் காணாமற்போனவரைப் பற்றிய கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று நமது வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தடை புதியதல்ல. 1920களில் தோட்டத்துக்குள் வெளியார் நுழைவது இலகுவான காரியமாக இருக்கவில்லை. கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை அறியப் புடவை வியாபாரியைப் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் போனார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மையார் தாம் எழுதிய பாடல்களைக் கூட்டங்களில் பாடி, தொழிலாளர் நடுவே பரப்பினார். வாசிக்கத் தெரியாதவர்களிடம் அச்செழுத்தைச் சேர்க்கும் வழி குரல்தான் என்று அவர் அன்றே அறிந்திருந்தார்.

ஆகவே விநியோகத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். காரியாலய மேசையில் கட்டாக வைத்துவிட்டு வராதீர்கள். 50 பிரதிகள் கொண்ட பொதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பொலித்தீனில் சுற்றி, டிவிசனுக்கு ஒரு பொறுப்பாளரிடம் கையில் கொடுங்கள். ஒரு பொதி 3 கிலோவுக்கும் குறைவு. நிறைந்த கொழுந்துக் கூடையைவிட எவ்வளவோ இலேசு. தாய்மார் ஒவ்வொரு நாளும் வரும் இடம் பிள்ளைக்காம்பரா. அங்கே ஒரு பிரதி தொங்கட்டும். குடும்ப நல உத்தியோகத்தர், கோயில் கமிட்டி, கிராம உத்தியோகத்தர் ஆகியோரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். மாலையில் ஒரு லயத்து வாசலில் பத்துப் பேர் கூடி, வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு வாங்கும் கையொப்பம், வாசித்ததற்குச் சாட்சி ஆகாது.

காலமும் முக்கியம். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. நூல் சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னரே லயத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் மார்ச்சில் கட்டு வேலை, பெப்ரவரியில் அச்சு, ஜனவரியில் வாசித்துச் சோதித்தல். நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் கலண்டர், டயரி வேலையில் மூழ்கியிருக்கும். அப்போது கொடுத்தால் சொன்ன திகதிக்குக் கிடைப்பது அரிது.

ஆறு மாறினால் நூலும் மாற வேண்டும்

அச்சான நூல் அப்படியே இருக்கும், ஆறு அப்படி இருப்பதில்லை. கித்துல்கல அருகே களனி கங்கையில் புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் 2013இல் கட்டத் தொடங்கப்பட்டு, 2020களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியது. அணைகளிலிருந்து நீர் திறக்கப்படும் நேரத்தைப் பொறுத்து ஆற்றின் மட்டம் ஏறி இறங்கும். வானம் வெளித்திருக்கும் நாளிலும் தண்ணீர் உயரலாம். அணை கட்டுமுன் அச்சிட்ட ஆற்று வழிகாட்டியை இன்று நம்பிப் போக முடியாது.

கடல் நூல்களை வெளியிடும் பிரித்தானியத் திணைக்களம் இதற்கென ஒவ்வொரு வாரமும் திருத்த அறிவித்தல் வெளியிடுகிறது. கப்பல்களில் அந்தத் திருத்தங்களை வெட்டி, நூலில் உரிய பக்கத்தில் ஒட்டிவைப்பது நெடுங்கால வழக்கம். நாமும் அதைச் செய்யலாம். நூலின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, ‘திருத்தங்கள்’ என்று தலைப்பிடுங்கள். அச்சிட்ட மாதமும் ஆண்டும் முதற் பக்கத்தில் தெளிவாக இருக்கட்டும். தொலைபேசி இலக்கம் மாறினாலோ, பாதுகாப்பான இடமாகக் குறித்த பாடசாலை மாறினாலோ, ஒரு சிறு துண்டில் அடித்து எல்லா டிவிசன்களுக்கும் அனுப்பி ஒட்டச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதியில் ஒரு மாதர் சங்கமோ சிறு குழுவோ இருந்தால் எடுத்த எடுப்பிலேயே 32 பக்கம் வேண்டாம். ஒரு ஏ4 தாளை இருமுறை மடித்தால் 8 சிறு பக்கங்கள் கிடைக்கும். படகில் ஏறும் முறை, உயிர்காப்பு அங்கியின் வாரை இறுக்கும் முறை, குழந்தையை யார் பிடிப்பது, விழுந்தால் மிதக்கும் முறை, யாருக்கு அழைப்பது என்று பக்கத்துக்கு ஒரு விடயம் எழுதுங்கள். ஆற்றையும் படகையும் அறிந்த ஒருவரிடம் அதைக் காட்டிச் சரிபாருங்கள். பிறகு உங்கள் லயத்தில் மிக வயதான பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கும் வரை அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள்.